உள்ளூர்ச் சல்லடை

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி இன்னொரு ஏலக்காய் வியாபாரியிடம் "இன்னைக்கு என்ன விலைண்ணே?" என்று கேட்டால், கேட்டவருக்கும் விலை தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சொல்லப்படும் விலை மட்டும் இருவருக்கும் புதிதாக இருக்கும். அப்படிப்பட்ட தெருவில் பிறந்து அப்படியே பேசி வளர்ந்த தங்கபாண்டி, 'மலைமணம்' என்று ஆன்லைனில் கடை திறந்தபோது அவரை முதலில் உலுக்கிய சங்கதி, விலையைப் பொதுவில் எழுதிப் போடவேண்டும் என்பதுதான்.

"அப்ப எதிர்க்கடைக்காரன் கட்டில்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டே என் விலையைப் பாத்துருவான்?"

"பாப்பாரு மாமா," என்றான் அருண்பாண்டி. தங்கபாண்டியின் அக்கா மகன். சென்னைக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டு மாடியிலிருந்தே பார்க்கிறவன். கடையை அமைத்துக் கொடுத்தது அவன்தான்.

"அவன் விலையை நான் எப்படிப் பாக்க?"

"அவருக்குத்தான் ஆன்லைன்ல கடையே இல்லையே."

"அதான்டா கொடுமை."

கடையின் முகப்பில் பச்சைப்பசேல் என்று ஒரு மலைச்சரிவு. அடியில், 'எங்கள் சொந்தத் தோட்டத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு.' தங்கபாண்டிக்குச் சொந்தமாக இருந்தது மாடியில் அவர் மனைவி ஈஸ்வரி வளர்க்கும் ரெண்டு ரோஜாச் செடி. படத்தில் இருந்தது போடிமெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கத்து எஸ்டேட் ஒன்று. அங்கேதான் சரக்கு எடுக்கிறார். எடுத்ததெல்லாம் வடக்கே மொத்தமாகப் போகிறது, கையில் லாபம் ஒன்றும் நிற்பதில்லை என்று எஸ்டேட்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். இந்த இரண்டு பொய்யும் ஒன்றையொன்று சந்திக்காதவரை வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

கடையில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சேதி கிளம்பும். யாராவது விலை பார்த்தால் ஒரு சேதி, கூடையில் போட்டால் ஒன்று, கூடையிலிருந்து எடுத்தால் ஒன்று, ஆர்டர் போட்டால் ஒன்று, குறை சொன்னால் ஒன்று. எது எங்கே போகவேண்டும் என்று விதி எழுதாத ஆரம்ப நாட்களில் அத்தனையும் தங்கபாண்டியின் போனுக்கே வந்தன. சட்டைப்பையில் தவளையை வைத்திருப்பவர் மாதிரி துள்ளிக்கொண்டே திரிந்தார். கான்பூரில் யாரோ கால் கிலோவைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே எடுத்துவிட்டார் என்று தெரிந்ததும், "அவனுக்குப் போன் போடுறா, என்ன விலைக்குத்தான் கேக்குறான்னு பேசிப்பாப்போம்" என்று ஒரே பிடிவாதம்.

அருண்பாண்டி அவரைக் குடோனுக்குக் கூட்டிப்போய், தரம் பிரிக்கும் சல்லடைகள் முன்னால் நிறுத்தினான்.

"இந்தா பாருங்க மாமா. மேல் சல்லடையில எட்டு எம்எம் காய் நிக்குது. சின்னது கீழ விழுகுது. அடுத்ததுல ஏழு. அடியில தூசி. நம்ம விதியும் அப்படித்தான். சேதி மேலருந்து இறங்கும், தட்டுக்குத் தட்டு ஒரு கேள்வி. எந்தத் தட்டு மேல, எது கீழங்கிறதுதான் சோலியே."

இது தங்கபாண்டிக்குப் பளிச்சென்று விளங்கியது. விளங்கிய கையோடு யோசனை சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

"ஆர்டர்னு வந்தா முதத் தட்டுலயே உங்க அத்தை பொட்டலம் கட்டுற ரூமுக்குப் போயிரணும். சரக்குக் கிளம்புறதை எதுவும் மறிக்கக் கூடாது."

"சரி. ரெண்டாவது?"

"ரெண்டாவது, உள்ளூர்க்காரனைத் தள்ளு."

"விலை பாக்குறதை மட்டும் தள்ளுனாப் போதாதா மாமா?"

"அத்தனையும் தள்ளு மாப்ளே. கூடையில போட்டு எடுப்பான், பேரை மாத்திக்கிட்டு வருவான், குறை சொல்ற மாதிரி வாயைக் கிண்டுவான். நான் செய்யமாட்டேனா? போடி, தேவாரம், ராசிங்காபுரம், குரங்கணி வரைக்கும் எந்தச் சேதியும் வேணாம். நம்மூர்ல ஏலக்காயை ஆன்லைன்ல வாங்க எவனுக்குடா கிறுக்கு?"

"அந்தத் தட்டுக்குக் கீழதான் பில்லு அனுப்புறது, கணக்குல ஏத்துறது எல்லாம் இருக்கு. நெசமாவே உள்ளூர்லருந்து ஒரு ஆர்டர் வந்தா..."

"வராது."

"சரி, தள்ளுறதை அழிச்சிராம ஒரு ஓரமாச் சேத்து வைப்போம். பின்னால பாக்கணும்னா பாக்கலாம். மாசாமாசம் கொஞ்சம் கூட ஆகும்."

எவ்வளவு என்று அவர் வாயால் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மருமகன் கையோடு தன் கையையும் சேர்த்து மூடினார். துண்டுக்குள் விரலைப் பிடித்தால்தான் அவருக்குப் பேரம் பேச வரும். உள்ளே அருண்பாண்டியின் விரல்கள் ஒவ்வொன்றாக மடக்கப்பட்டன. கடைசியில் நீட்டிக்கொண்டிருக்க ஒரு விரலும் மிஞ்சவில்லை.

"கழிவுக்கு எதுக்குடா குடோன் வாடகை?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

போன் அமைதியானது. வந்ததெல்லாம் டெல்லி, புனே, ஐதராபாத். தங்கபாண்டி நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்.

மழை விட்டுக் காய் பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு சாயங்காலம், கடையில் பக்கத்து வியாபாரிகள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர் கண்ணுச்சாமி. தேவாரத்துக்காரர்தான், ஆனால் மலையிலேயே காலம் தள்ளியதில் பேச்சில் பாதி மலையாளம் ஏறிவிட்டது.

"சாரே, ஒரு சம்சயம். இங்க காய் பறிக்கிற ராக்குன்னு ஒருத்தி. ராசிங்காபுரம். எஸ்டேட் கேட்டுல பையைத் தொறந்தா உங்க கவர்ல கால் கிலோ ஏலக்காய். ஆன்லைன்ல வாங்குனேங்கிறா. பில்லு எங்கன்னா, வரலைங்கிறா. கவருக்கு என்ன, எங்கயும் கிடைக்கும். நீங்க சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாப் பெண்ணுங்களும் நிக்கிறாங்க."

எல்லாரும் கேட்கிறார்கள் என்றதும் தங்கபாண்டியின் குரல் தானாகவே ஒரு படி ஏறியது. இங்கே டீ குடித்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"ராசிங்காபுரமா? நல்ல கதை! நம்மூர்ப்பக்கம் ஒரு ஆர்டர்கூட எனக்கு வந்ததில்ல கண்ணுச்சாமி. கடல்ல இருக்கிறவன் உப்பைக் கூரியர்ல வாங்குவானா?"

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அதைத் தாண்டி ஒரு பெண் குரல். "அண்ணே, நல்லாப் பாருங்கண்ணே. எம் மக பவித்ரா பேருல..."

பார்த்தார். அதைச் சொல்லவேண்டும், பார்க்காமல் சொல்லவில்லை. போனில் கணக்கைத் திறந்து மேலும் கீழும் தள்ளினார். கான்பூர் இருந்தது. பவித்ரா இல்லை.

"அப்படி யாரும் இல்லம்மா."

"சரியாணு," என்று கண்ணுச்சாமி போனை வைத்தார்.

டீ குடித்தவர்களுக்கு அன்றைக்கு வேறு பேச்சில்லை. வீட்டுக்கு வந்து ஈஸ்வரியிடமும் உப்புக் கதையைச் சொல்லிச் சிரித்தார் தங்கபாண்டி. தோசைக் கரண்டியோடு நின்ற ஈஸ்வரி சிரிக்கவில்லை.

"பேரு பவித்ராவா?"

"அப்படித்தான் சொன்னா."

"அதை நான்தானங்க கட்டுனேன். ராசிங்காபுரத்துக்குப் போக வேண்டியது மதுரைக்குப் போயி திரும்பப் போடிக்கு வருமேன்னு பொட்டலத்தைப் பாத்துச் சிரிச்சேன். போன வாரம்."

தங்கபாண்டி தோசையை வாயில் வைத்தபடி இருந்தார்.

அருண்பாண்டியைக் கீழே கூப்பிட்டார்கள். விதிகளைத் திறந்து பார்த்தவன் முகம் சுண்டிப்போனது. "நாம போட்ட மாதிரிதான் மாமா நடந்திருக்கு. முதத் தட்டு, ஆர்டரைக் கட்டுற ரூமுக்குச் சொல்லிருச்சு. ரெண்டாந் தட்டு, உள்ளூர்னு தூக்கி எறிஞ்சிருச்சு. பில்லு, கணக்கு ரெண்டுக்கும் சேதியே போகலை. அந்தப் பிள்ளை பில்லு வரலைன்னு எழுதிப் போட்டிருந்தாலும் அதுவும் போயிருக்கும்."

"தள்ளுனதை இப்ப எடு."

"எங்கருந்து எடுக்க? நீங்கதான விரலை மடக்குனீங்க."

"ஏலக்காயில தூசியைக்கூடச் சலிச்சு வித்துக் காசாக்குறவுக, இதை மட்டும் எதுக்கு வீசுனீக?" என்றாள் ஈஸ்வரி. கண்ணுச்சாமிக்குப் போட்ட போன் மலைமேல் எங்கேயோ போய் அறுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் விடியும் நேரம் ராசிங்காபுரம் ஜீப்பு ஸ்டாண்டில் எஸ்டேட் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தன. டீக்கடை ஓரமாக ஒருத்தி தூக்குச்சட்டியோடு நின்றாள். எந்த ஜீப்பும் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் எதிலும் ஏறப் போகவில்லை. பிறகு எதற்கு வந்தாள் என்றால், வீட்டிலேயே இருந்தால் ஊர் சொல்வது சரி என்றாகிவிடும் அல்லவா, அதற்கு.

தங்கபாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். "ராக்குவா? நான்தான் மலைமணம் தங்கபாண்டி. தப்பு எங்க பக்கந்தாம்மா. நான் மேல போயிப் பேசிர்றேன்."

ராக்கு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க மட்டும் போயி அவுக காதுல சொல்லிட்டு வரவா? நீங்க இல்லைன்னது ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. நானும் வர்றேன்."

வண்டி மலை ஏறியது. வளைவுகளில் பனி இறங்கி நின்றதால் அருண்பாண்டி மெதுவாகவே ஓட்டினான். பின்சீட்டில் அவள் தூக்குச்சட்டியை மடியில் இறுக்கியிருந்தாள். பேசாமல் இருப்பது தங்கபாண்டிக்குத் தெரியாத தொழில்.

"ஆமா, கடையிலயே வந்து வாங்கியிருக்கலாமேம்மா? வெலை கொறைச்சுக் குடுத்திருப்பேனே."

"கடையில துண்டுச்சீட்டுலதான எழுதித் தருவீக. அதைக் கேட்டுல யாரும் மதிக்கமாட்டாக. எம் மக கோயமுத்தூர்ல நர்ஸுக்குப் படிக்குது. ஏலக்காய் மலைக்காரிதான, ஊருக்குப் போனாக் கொண்டான்னு கூடப் படிக்கிற பிள்ளைக ஒவ்வொரு தடவையும் கேக்குதுக. நாங்க வருசம் பூரா பறிக்கிறோம், வீட்டுல ஒரு காய் இருந்தாத் திருட்டு. அதான் லீவுக்கு வர்றப்ப எடுத்துட்டுப் போக, பில்லோட வரும்னு ஆன்லைன்ல போட்டுச்சு. கூரியர்காரன் முந்தாநாள் டீக்கடையில குடுத்துவச்சிட்டான், நேத்து விடியக்காலம் ஜீப்பு ஏறுறப்பத்தான் எங் கைக்கு வந்துச்சு. வீட்டுக்குத் திரும்பிப் போக நேரமில்ல, பையில வச்சிட்டேன். உள்ள போறப்ப எவனும் பாக்கமாட்டான். வெளிய வர்றப்பத்தான் பாப்பான்."

"ம்."

"பவித்ரா போன்ல ஆர்டரைப் போட்டோ எடுத்து அனுப்புச்சு. அதை யாரு வேணாச் செய்யலாம், கடைக்காரரையே கேப்போம்னாரு சூப்பர்வைசர்." முன்சீட்டுப் பக்கம் குனிந்தாள். "எங்களை எதுக்குத் தள்ளுனீக?"

அருண்பாண்டி கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தான்.

"உங்களை இல்லம்மா. வெலை வேவு பாக்க வர்ற பயகளை. எவன் அவன், எவன் வாங்குறவன்னு தெரியாது பாரு. அதனால ஊரையே..."

"எங்க கேட்டுலயும் அப்படித்தான்," என்றாள் ராக்கு. "காருக்குக் கதவைத் தொறந்துவிடுவாக. தூக்குச்சட்டியைத்தான் தொறக்கச் சொல்லுவாக."

இவர்கள் வண்டிக்கும் எஸ்டேட் கேட் கேள்வியில்லாமல் திறந்தது.

ஆபீஸ் முற்றத்தில் பெண்கள் பேர் கொடுக்க வரிசையில் நின்றார்கள். ராக்கு வண்டியிலிருந்து இறங்கியதும் வரிசை அசைந்தது. கண்ணுச்சாமி வெளியே வந்தார். தங்கபாண்டி விதி, தட்டு, சல்லடை என்று நன்றாகவே விளக்கினார். மேலும் நன்றாக இருக்கட்டும் என்று, ராக்கு எவ்வளவு நேர்மையானவள் என்பதைத் தான் நெடுநாளாக அறிந்தவர் போலவும் சேர்த்துச் சொன்னார். அங்கேதான் கெட்டது.

"நேத்து அவ யாருன்னே தெரியாதுன்னீங்க. இன்னைக்கு நெடுநாளா அறியும்ங்கிறீங்க," என்று கண்ணுச்சாமி சிரித்தார். "சாரே, வியாபாரி சொல்ற முதல் விலையை நான் எப்பவும் எடுக்கிறதில்ல. இவ உங்க வீட்டுல வந்து அழுதாளாக்கும்?"

அருண்பாண்டி ஆபீஸ் வைஃபையில் கூரியர் விவரத்தை எடுத்துக் காட்டினான். மலைமணத்திலிருந்து ஒரு பார்சல், பவித்ரா, ராசிங்காபுரம், சேர்ந்துவிட்டது. கண்ணுச்சாமி கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"பார்சல் வந்தது சரி. உள்ள இருந்தது இதுதான்னு யாரு சொல்ல?" உள்ளே போய் மேஜை டிராயரிலிருந்து பாக்கெட்டை எடுத்துவந்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். "பாருங்க. இந்தப் பச்சை, இந்த உருட்டு. இது எங்க ஸ்டோர்ல காஞ்ச காய். கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தாலும் மணத்துல சொல்லுவேன். உங்க சரக்கு உங்க சொந்தத் தோட்டத்துது இல்லையோ? உங்க கடையில எழுதியிருக்கே. நேத்து ராத்திரி நான் பாத்தேன்."

தங்கபாண்டி காயைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. அவருடைய இரண்டு பொய்யும் அந்த உள்ளங்கையில் அருகருகே உட்கார்ந்திருந்தன.

கணக்கு அவருக்குச் சட்டென்று ஓடியது, ஓடித்தானே பழக்கம். இது வேறு காய் என்று சொன்னால் கண்ணுச்சாமி நம்பமாட்டார், இவள் கள்ளியாகிவிடுவாள். இது உங்கள் காய் என்று சொன்னால், சொந்தத் தோட்டம் போச்சு. வடக்கே போனதாகச் சொன்ன சரக்கு சின்னப் பாக்கெட்டில் என்ன விலைக்கு விற்கிறது என்பது எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும். அதோடு அடுத்த சரக்கும் போச்சு. நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். கை தன்னையறியாமல் தோள் துண்டுக்குப் போனது.

"கண்ணுச்சாமி, உள்ள போயி உக்காந்து பேசுவோமே."

"இங்கயே பேசுங்க," என்றாள் ராக்கு.

அவள் கெஞ்சவில்லை, அழவும் இல்லை. வரிசையில் நின்ற பெண்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று சிரித்தது இவர்களில் யாரோ.

தங்கபாண்டி துண்டிலிருந்து கையை எடுத்தார்.

"அது உங்க காய்தான்," என்றார். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார். "இந்த எஸ்டேட் காய்தான். எனக்குத் தோட்டம் கெடையாது. இங்க வாங்கித்தான் அந்தக் கவர்ல போட்டு விக்கிறேன். அதைத்தான் இந்தம்மா மக எங்கிட்டக் காசு குடுத்து வாங்கியிருக்கு. நேத்து நான் இல்லைன்னது தப்பு. உள்ளூர்க்காரங்க யாரும் வாங்கமாட்டாங்க, வேவு பாக்கத்தான் வருவாங்கன்னு நான்தான் அடைச்சுவச்சிருந்தேன்."

வரிசையிலிருந்து ஒரு கிழவி, "அடி ராக்கு, நீ பறிச்சதை நீயேவா காசு குடுத்து வாங்குன?" என்றாள். சிலர் சிரித்தார்கள். நேற்றைய சிரிப்பு மாதிரி இல்லை, ஆனால் கேட்க அதைவிட நன்றாகவும் இல்லை.

கண்ணுச்சாமி காயைப் பாக்கெட்டுக்குள் திரும்பக் கொட்டினார். உள்ளங்கையில் ஒட்டிய ஒன்றையும் தட்டிப் போட்டார். "ராக்கு, போயிப் பேரு குடு," என்றார். தங்கபாண்டியிடம் திரும்பி, "சாரே, வடக்க என்ன விலைக்குப் போகுதுன்னு முதலாளிக்கு நான் சொல்லவேண்டி வரும். மனசிலாயோ?" என்றார்.

"மனசிலாயி," என்றார் தங்கபாண்டி.

ராக்கு பாக்கெட்டை வாங்கி எடை பார்ப்பதுபோலக் கையில் தூக்கிப் பார்த்தாள். கட்டுப் பிரித்ததில் வாய் கிழிந்திருந்தது.

"இரும்மா," என்று தங்கபாண்டி வண்டியிலிருந்து ஒரு பெரிய பாக்கெட்டைக் கொண்டுவந்தார். ஈஸ்வரி காலையில் கொடுத்தனுப்பியது. "இதைப் பிள்ளைக்குக் குடு. காசு வேணாம்."

அவள் கையை நீட்டவில்லை. "சும்மா குடுக்குறதுக்குப் பில்லு உண்டா?"

தங்கபாண்டி பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சாயங்காலம் இதே கேட்டு வழியாத்தான் நான் போகணும் மொதலாளி. வாங்குனதுக்குப் பில்லைக் குடுங்க. வெரசாக் குடுங்க, பேரு கூப்பிடுறாக."

அருண்பாண்டி அங்கேயே ஆபீஸ் படியில் உட்கார்ந்து ரெண்டாந் தட்டைக் கழற்றினான். பவித்ராவின் ஆர்டரைப் புதிதாக ஏற்றினான். பில் பவித்ராவின் போனுக்குப் போய், அங்கிருந்து ராக்குவின் போனுக்கு வந்தது. ராக்கு அதைத் திறந்து பார்த்தாள், எழுத்துக்கூட்டி மகள் பேரைப் படித்தாள். பாக்கெட்டைக் கண்ணுச்சாமியின் மேஜைமேல் வைத்துவிட்டு, "போறப்ப எடுத்துக்கிறேன். நீங்களே எண்ணிக்கூட வச்சுக்கங்க" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். அவளோடு வந்து சேர்ந்துகொள்ள ஒருத்தி வேகமாக நடந்தாள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளியே போனார்கள்.

இறங்கும் வழியில், சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு வந்ததும், தங்கபாண்டியின் போன் அதிர ஆரம்பித்தது. போடி. போடி. தேவாரம். போடி. பழைய தவளை திரும்பி வந்துவிட்டது.

"எல்லாம் வெலை பாக்குறவங்கதானா மாப்ளே?"

"எப்படித் தெரியும் மாமா?"

"இத்தனை நாள் தள்ளுனதுல வாங்க வந்தவங்க எத்தனை பேருன்னு..."

துண்டுக்குள் மடக்கிய விரல்களை அருண்பாண்டி நினைவுபடுத்தவில்லை. வண்டி இன்னொரு வளைவு இறங்கியது. இன்னும் எத்தனை பேர் பில்லில்லாத பொட்டலத்தோடு எந்த கேட்டில் நின்றார்களோ, நின்றார்களா இல்லையா என்றுகூடத் தெரிந்துகொள்ள வழியில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. தேவாரம். யாரோ நூறு கிராமைக் கூடையில் போட்டிருக்கிறார்கள், நம்பரும் கொடுத்திருக்கிறார்கள். தங்கபாண்டி வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அந்த நம்பருக்குப் போட்டார்.

"வணக்கம், மலைமணத்துலருந்து பேசுறேன். ஏலக்காய் கேட்டிருந்தீகளே?"

அந்தப் பக்கம் நன்றாகப் பழகிய குரல், எதிர்க்கடைக் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்னண்ணே, யாவாரம் எப்படிப் போகுது?" என்றது.

தங்கபாண்டி போனை வைத்தார். கீழே போடி பனிக்குள் கிடந்தது. அவர் போனை அருண்பாண்டியிடம் நீட்டினார்.

"அடுத்த நம்பரைப் போடு."